வெந்நீர்த் தொட்டியின் நேர மாறிலியைக் கண்டுபிடிப்பது எப்படி

மலேசியாவில், சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊரின் பெயரைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எழுதி வருடங்கள் ஆகிவிட்டன. எங்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்சுந்தைதான். பக்கத்துச் செம்பனை ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை எனக்கு. எண்ணெய் பிழியும் இடத்துக்கு வெந்நீர் அனுப்பும் தொட்டி ஒன்று உண்டு. நீராவி வால்வைத் திறந்தால் வெப்பம் எத்தனை டிகிரி ஏறும், எவ்வளவு தாமதித்து ஏற ஆரம்பிக்கும், ஆரம்பித்தபின் எவ்வளவு மெதுவாக ஏறும்? வால்வை இயக்கும் கன்ட்ரோலரை அமைக்க இந்த மூன்று எண்கள் போதும். மூன்றாவதுதான் நேர மாறிலி: மொத்த ஏற்றத்தில் சுமார் 63 விழுக்காட்டை எட்ட ஆகும் நேரம். பதிவான தரவிலிருந்து இவற்றை மென்பொருள் கணக்கிடும்.

மென்பொருளைத் திறக்கும் முன் வால்வுக்குப் போங்கள். கன்ட்ரோலரை மேனுவலில் போடுங்கள். ஆட்டோவில் விட்டால் சூடு குறைந்ததும் வால்வு தானே திறக்கும். எது காரணம், எது விளைவு என்று கணக்கு குழம்பிவிடும். நான் வால்வின் திறப்பை 40 விழுக்காட்டுக்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையே, ஒரு முறை 20 நிமிடம், ஒரு முறை ஒரு மணி நேரத்துக்கும் மேல் என்று ஒழுங்கில்லாமல் ஒரு ஷிப்ட் முழுக்க மாற்றினேன். ஸ்டெரிலைசரில் (செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைக்கும் கலன்) புதுக் குலைகள் ஏற்றினால் நீராவி அழுத்தம் இறங்கும், வால்வைத் தொடாமலே தண்ணீர் ஆறும். அழுத்தமும் பதிவாகிறது என்றால் அதை இரண்டாவது உள்ளீடாகக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம்தான் கண்ணி. எங்கள் லாகர் (தரவைப் பதியும் கருவி) 5 விநாடிக்கு ஒரு முறை பதியும். பலரும் முதலில் தனித்த நேர மாடல் போடுவார்கள்: அடுத்த அளவு என்பது இப்போதைய அளவின் இத்தனை பங்கு, கூடவே வால்வின் பங்கு. மெதுவான தொட்டிக்கு அந்தப் பங்கு 1-ஐ ஒட்டி நிற்கும். அது 0.997 என்றால் நேர மாறிலி 28 நிமிடம். 0.998 என்றால் 42. 0.999 என்றால் 83! மூன்றாம் தசமத்தில் ஒன்று நகர்ந்தால் தொட்டியே மாறிவிடுகிறது. வேகமாகப் பதிந்த தரவுக்குத் தொடர் நேர மாடலை (படிப்படியாக இல்லாமல், வெப்பம் மாறும் வேகத்தைச் சமன்பாடாகச் சொல்லும் மாடல்) நேராகப் பொருத்துவதே நல்லது. நிமிடக் கணக்கு அப்படியே கிடைக்கும்.

மேட்லேப் என்ற கணக்கிடும் மென்பொருளின் சிஸ்டம் ஐடென்டிஃபிகேஷன் டூல்பாக்ஸ் இருந்தால் 'ப்ராக்எஸ்ட்' கட்டளையில் 'பி1டி' என்று கொடுங்கள்: ஒரு 'போல்' (pole, தொட்டியின் மெதுவான ஏற்றத்தைக் குறிக்கும் உறுப்பு), ஒரு தாமதம். 'போல்', 'ஸீரோ' (zero, மாடல் சூத்திரத்தின் மேல்பகுதி உறுப்பு) எண்ணிக்கையை நீங்களே சொல்ல 'டிஎஃப்எஸ்ட்'. இரைச்சல் அதிகம் என்றால் பிரான்சின் நான்சி நகரில் உருவான காண்ட்சிட் டூல்பாக்ஸைப் பாருங்கள். இலவசம், ஆனால் மேட்லேப் வேண்டும். அதிலுள்ள 'எஸ்ஆர்ஐவிசி' முறை, மாடலே கணக்கிட்ட இரைச்சலில்லாத வெளியீட்டைத் துணைக்கு வைத்து மதிப்பீட்டைச் சுற்றுச் சுற்றாகத் திருத்தும். சம இடைவெளியில் பதியாத தரவையும் காண்ட்சிட் ஏற்கும். உரிமம் வாங்கக் காசில்லையா? இலவச நிரல்மொழியான பைத்தானில் ஸைபை என்ற கணக்கு நூலகத்தை வைத்துத் தொட்டியின் சமன்பாட்டை ஓட்டி, மிகக்குறைந்த வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் குறைப்பது) மூன்று எண்களையும் தேடலாம். ஒரு தொட்டிக்கு அது தாராளம்.

சோதிக்க வேறொரு நாளின் தரவு வேண்டும். அதில் மாடலை முதலிலிருந்து கடைசிவரை தானாக ஓட விடுங்கள். ஒரு படி முன்கணிப்பை (உண்மையில் பதிவான அளவை வைத்து அடுத்த அளவை மட்டும் கணிப்பது) நம்பாதீர்கள். 5 விநாடியில் தண்ணீர் எங்கே மாறப்போகிறது, எந்த மாடலும் 99 விழுக்காடு வாங்கும்.

பதிவு இடைவெளியைத் தரவோடு சேர்த்துக் கொடுக்க மறக்க வேண்டாம். நான் மறந்தேன். மென்பொருள் 1 விநாடி என்று எடுத்துக்கொண்டு நேர மாறிலி 8 நிமிடம் என்றது. பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகள் எட்டிப் பார்த்து, "மாமா, ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) ஆறுறதுக்குள்ள அவ்ளோ பெரிய தொட்டி சூடாகிடுமா?" என்றாள். 5 என்று திருத்தினேன். 40 நிமிடம் வந்தது.