பெட்ராவைத் தண்ணீரின் வழியில் நடந்து பாருங்கள்

ஜோர்டானில் உள்ள பழைய நகரமான பெட்ராவுக்குப் போகிற நம் ஆட்கள் பலர், பாறையில் செதுக்கிய கஸ்னே முகப்பின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கோலாலம்பூரில் குழாயும் வடிகாலும் போடுவது என் தொழில். அந்த ஊரின் அருமை அதன் தண்ணீர் ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பேன்.

முதலில் ஜோர்டான் பாஸ் என்னும் நுழைவுச் சீட்டை இங்கிருந்தே இணையத்தில் வாங்கிவிடுங்கள். பெட்ராவில் எத்தனை நாள் என்று கேட்கும். இரண்டு நாளே எடுங்கள், விலை கொஞ்சம்தான் கூடும். தலைநகர் அம்மானிலிருந்து, பெட்ராவின் வாசலில் உள்ள வாடி மூசா ஊருக்குக் காரில் சுமார் மூன்று மணி நேரம். மலைமேல் இருக்கும் அத்-தெய்ர் முகப்புக்கு ஏறக்குறைய 800 படி. பத்துமலையில் 272 படி; ஒரே காலையில் மூன்று முறை ஏறிப் பழகிக்கொண்டால் போதும்.

விடியற்காலையில் வாசல் திறந்ததும் நுழையுங்கள். சிக் என்னும் குறுகிய மலையிடுக்கு தொடங்கும் இடத்தில் அவசரம் வேண்டாம். வலப்பக்கம், பெட்ராவைக் கட்டிய நபத்தியர் பாறையில் குடைந்த சுரங்கம் தெரியும். வாடி மூசா ஓடையில் பெருக்கெடுக்கும் வெள்ளத்தை அணை கட்டித் தடுத்து, ஊருக்குள் விடாமல் அந்த வழியாகத் திருப்பிவிட்டார்கள். கோலாலம்பூரில் வெள்ளநீரைக் கடத்தும் நம் ஸ்மார்ட் சுரங்கம் 2007-இல் திறந்தது. வெள்ளத்தை நகரைச் சுற்றிக் கடத்தும் அதே யோசனை, 2,000 ஆண்டுக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது! அந்தத் தடுப்பு பழுதாகிக் கிடந்த காலத்தில், 1963-இல், சிக்கில் புகுந்த வெள்ளத்தில் 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்துபோனார்கள்.

அப்புறம் 1.2 கிலோமீட்டர் நடை. ஒரு பக்கச் சுவரில் வெட்டிய வாய்க்கால், எதிர்ச்சுவரில் சுடுமண் குழாய். குழாய் மிஞ்சியிருக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். ஒரு துண்டின் வாய் அடுத்ததற்குள் செருகியிருக்கும், மூட்டில் சுண்ணாம்புச் சாந்து. நாங்கள் பிவிசி குழாய் பொருத்துவதும் இப்படிச் செருகித்தான். தொட்டு மட்டும் பார்க்காதீர்கள், உதிர்ந்துவிடும்.

அயின் மூசா ஊற்றிலிருந்து தண்ணீர் இப்படித்தான் ஊருக்குள் வந்தது. குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் சுமந்து வந்த ஒட்டகக் கூட்டங்கள் அங்கே தங்க முடிந்ததும், ஊர் செழித்ததும் அதனால்தான். கஸ்னேயைத் தாண்டிப் பெரிய கோவிலுக்குப் பக்கத்தில் நீச்சல் குளமும் தோட்டமும் இருந்த இடத்தைத் தவறவிடாதீர்கள். இப்போது வெறும் மண்தரைதான். ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழை பெய்யும் பாலைவனத்தில் குளம் வைத்தார்கள் என்றால் எவ்வளவு தைரியம்!

அத்-தெய்ருக்குப் பிற்பகலில் ஏறுங்கள், முகப்பில் வெயில் விழும். குளிர்கால மழையில் சிக்கை மூடிவிடுவதுண்டு. அந்த மாதங்களில் போனால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும்படி விடுதியைப் பதிவு செய்யுங்கள்.