மீன் டி.என்.ஏ. பெருக்கத்தில் வேண்டாத பட்டைகளை நீக்குவது எப்படி?

குளச்சலிலோ முட்டத்திலோ வாங்கிய மீனின் இனத்தை உறுதிசெய்ய, இனங்களை அடையாளம் காணப் பயன்படும் அதன் சி.ஓ.ஐ. மரபணுவில் ஏறத்தாழ 655 கார இணைகள் கொண்ட பகுதியைப் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைச் சூடேற்றியும் குளிர்வித்தும் பல படிகளாக்கும் முறை) மூலம் பெருக்குவது வழக்கம். அப்போது, டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் அகரோஸ் ஜெல்லில் ஒரே பட்டைக்குப் பதிலாகப் பல பட்டைகள் தெரிந்தால், பிரைமர்கள் (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டும் குறுகிய டி.என்.ஏ. துண்டுகள்) வேண்டாத இடங்களிலும் ஒட்டியிருக்கின்றன என்றே முதலில் ஐயுற வேண்டும்.

எதையும் மாற்றுமுன், டி.என்.ஏ.வுக்குப் பதிலாகத் தூய நீர் சேர்த்த ஒரு குழாயையும் உடன் ஓட்டுங்கள். அதிலும் 655 அளவில் பட்டை வந்தால் அது மாசு. 100 கார இணைகளுக்கும் கீழே மங்கலாக வந்தால், பெரும்பாலும் பிரைமர்கள் தமக்குள் இணைந்து உண்டான பிரைமர் டைமர்.

அடுத்து, பிரைமர்கள் டி.என்.ஏ.வில் ஒட்டும் வெப்பநிலை. என் கருத்தில் பிற திருத்தங்கள் அனைத்தையும்விட இதுவே முதன்மையானது. பிரைமரின் உருகுநிலைக்கு (அது டி.என்.ஏ.விலிருந்து பிரியும் வெப்பநிலைக்கு) 5 டிகிரி கீழே தொடங்கி, குழாய்களுக்கு வெவ்வேறு வெப்பநிலை தரும் கிரேடியன்ட் வசதியுள்ள தெர்மல் சைக்ளரில் (பி.சி.ஆர். இயந்திரத்தில்) 50 முதல் 60 டிகிரி வரை ஒரே ஓட்டத்தில் சோதித்து, சரியான பட்டை வலுவாகவும் மற்றவை மறைந்தும் இருக்கும் வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள். பல மீன் இனங்களுக்கும் பொதுவான பிரைமர்கள் ஒவ்வோர் இனத்திலும் முழுமையாகப் பொருந்துவதில்லை என்பதால், வெப்பநிலையை மிகவும் உயர்த்தினால் வேண்டிய பட்டையும் மறைந்துவிடும். அந்நிலையில் டச்டவுன் முறை கைகொடுக்கும்: 60 டிகிரியில் தொடங்கிச் சுழற்சிக்கு ஒரு டிகிரியாக 52 வரை இறக்கி, பிறகு 52-லேயே 25 சுழற்சிகள் ஓட்டினால், உயர்ந்த வெப்பநிலையில் முந்திப் பெருகிய சரியான பகுதியே இறுதிவரை மேலோங்கி நிற்கும்.

நாகர்கோவில் போன்ற வெப்பமான ஊரில், குளிர்சாதனம் இல்லாத ஆய்வகத்தின் மேசை வெப்பநிலையே 30 டிகிரியை எட்டிவிடும். டி.என்.ஏ.வை நீட்டும் நொதியான சாதாரண டாக் பாலிமரேஸ் அந்த வெப்பத்திலும் ஓரளவு வேலை செய்வதால், தவறாக ஒட்டிய பிரைமர்கள் இயந்திரம் ஓடத் தொடங்குமுன்னரே நீளத் தொடங்குகின்றன. ஆகையால் கலவையைப் பனிக்கட்டியின் மேல் தயாரித்து, முன்பே சூடேற்றிய இயந்திரத்தில் வையுங்கள். வாய்ப்பிருந்தால், சூடேறிய பின்னரே செயல்படும் ஹாட் ஸ்டார்ட் நொதியை வாங்குங்கள், அதற்காகும் கூடுதல் செலவு வீணன்று.

இவற்றுக்குப் பிறகும் வேண்டாத பட்டைகள் நீடித்தால், கலவையிலுள்ள மக்னீசியம் குளோரைடைப் பாருங்கள். அதன் அளவு மிகுந்தால் தவறான இணைப்புகளும் உறுதிப்படும்; எனவே 2.5 மில்லிமோலாரிலிருந்து படிப்படியாக 1.5 வரை குறையுங்கள். பிரைமரை 0.2 மைக்ரோமோலாருக்கும், சுழற்சிகளை 35-க்கும் மேல் கூட்ட வேண்டாம்.

ஒற்றைப் பட்டை கிடைத்ததும் அதைத் தூய்மைப்படுத்தி, அதிலுள்ள காரங்களின் வரிசைமுறை காண அனுப்புங்கள். சரியான நீளத்தில் தெரிவது சரியான மரபணுதான் என்பதை ஜெல் காட்டாது, வரிசைதான் காட்டும்.