ஒட்டுப்பட நகைச்சுவை: அசலில் கத்தரி வைக்காதீர்கள்

சென்ற மாதப் பயிற்சி வகுப்பில் ஒரு மாணவர் பையிலிருந்து தன் தாத்தாவின் திருமணப் படத்தை எடுத்தார். மறு கையில் கத்தரி. "நகல் எடுத்தாயிற்றா?" என்று நான் போட்ட சத்தத்தில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. புகைப்படங்களை வெட்டி ஒட்டிச் சிரிக்கவைப்பது என் தொழில். பசை வழிவது, கத்தி மழுங்குவதெல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவை வேறு.

அசலை வெட்டுவது

அத்தையும் மாமாவும் ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. மாமாவின் முறுக்கு மீசைக்காகவே அதைக் கேட்டு வாங்கினேன். அவரை வெட்டியெடுத்து, பிரஷர் குக்கரின் மேல் வெயிட்டுக்குப் பதிலாக உட்காரவைத்தேன். மீசை நுனிகளிலிருந்து ஆவி. கண்காட்சியில் எல்லாரும் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தார். பிறகு, "அவர் தோளில் என் கை இருந்ததே, அது எங்கே கண்ணா?" என்றார். அது குப்பைக்குப் போயிருந்தது. நெகட்டிவ் இல்லை. ஸ்டூடியோவை மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இன்றும் குக்கர் விசில் கேட்டால் எரிச்சல் வருகிறது, என்மேல்தான்.

"அசலில்தானே உயிர் இருக்கிறது?" என்பவர்களுக்கு ஜெர்மன் ஒட்டுப்படக் கலைஞர் ஹன்னா ஹோஹைக் காட்டுவேன். 1919-இல் தன் ஒட்டுப்படம் ஒன்றின் தலைப்பிலேயே சமையலறைக் கத்தியை வைத்து, அரசியல்வாதிகளின் தலைகளை இடம் மாற்றி ஒட்டியவர். அப்போது பெர்லினில் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெட்டியதெல்லாம் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் பத்திரிகைப் பக்கங்கள். கெட்டுப்போனால் இன்னொரு பிரதி வாங்கலாம். மாமாவின் தோளில் இருந்த கைக்கு மறுபதிப்பு கிடையாது.

தொழில் காரணமும் உண்டு. பழைய படத்தாள் தடிமனானது. வெட்டிய ஓரம் வெள்ளையாகப் பல்லிளிக்கும். 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து மெல்லிய, பளபளப்பில்லாத மேட் தாளில் அச்செடுத்தால் ஓரம் படிந்து உட்காரும். அளவை மாற்றலாம், பத்து முறை கெடுத்தும் பார்க்கலாம்.

வெளிச்சம்

தலைக்கு இடப்பக்க வெயில், உடம்புக்கு வலப்பக்க வெயில். நம் ஊர் ஃபிளெக்ஸ் பேனர்களில் பார்ப்பதுதான். அங்கே சிரிப்பு வருவது வைத்தவர் எண்ணாமல். நாம் எண்ணிச் சிரிக்கவைக்க, ஒட்டிய துண்டுகளின் வெளிச்சம் ஒத்துப்போக வேண்டும். ஜெர்மன் ஒட்டுப்படக் கலைஞர் ஜான் ஹார்ட்ஃபீல்டு 1932-இல் ஹிட்லரின் உடலை எக்ஸ்ரே படமாக்கி, முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் தங்கக் காசுகளை அடுக்கினார். உண்மையான எக்ஸ்ரே என்று கண் ஒரு கணம் ஏமாறுகிறது. அந்த ஏமாற்றத்தில்தான் கேலி ஏறுகிறது.

ஒரே படத்தில் நான்கு நகைச்சுவை

மூன்றை அழியுங்கள்.

படத்தின் கீழே விளக்கம்

வேண்டாம்.