ஐம்பதைத் தாண்டிய காதுக்குப் புதிய இசையைத் தேடிக்கொள்வது எப்படி?

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு உயிரான பத்துப் பழைய பாட்டுகளை எழுதுங்கள். படம், பாடியவர், கவிஞர் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பாட்டிலும் எந்த இடம் வரக் காத்திருக்கிறீர்கள் என்று மட்டும் எதிரே குறியுங்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எழும் வயலின் கூட்டமா? பல்லவிக்கு அடியில் தனிவழி போகும் பேஸ் கிட்டாரா? கீழ்ஸ்தாயியில் இறங்கும்போது குரலில் சேரும் கரகரப்பா? பெரும்பாலும் நாலைந்து பாட்டுகளுக்காவது ஒரே விடை வரும். உங்கள் காது இத்தனை காலமும் தேடி வந்தது அதைத்தான்.

கும்பகோணத்தில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடையைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். வாடிக்கையாளர்கள் பட்டியலை எழுதிக்கொண்டு வருவார்கள்; 60 நிமிடமா 90 நிமிடமா என்று கேட்டுப் பதிந்து தருவேன். வங்கி அதிகாரி ஒருவர் தரும் பட்டியலில் இசையமைப்பாளர்கள் வேறு வேறு, பாடகர்களும் வேறு வேறு. ஆனால் எல்லாவற்றிலும் புல்லாங்குழல் இருக்கும். நான் சொல்லும்வரை அவருக்கே அது தெரியாது. இளவயதில் கேட்ட பாட்டோடு கல்லூரி, காதல், முதல் சம்பளம் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வயதில் வந்து சேரும் புதுப் பாட்டுக்கு அந்தத் துணை கிடையாது. ஒலி ஒன்றுதான் நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஆகவே ஒலியைப் பிடித்துக்கொண்டே தேடுங்கள்.

தேடும் முறை எளிது. உங்களுக்குப் பிடித்த ஒலியை எழுப்பியவரின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அவர் வேறு யாரோடெல்லாம் வாசித்தார் என்று பாருங்கள். அங்கே புதிதாக ஒருவர் உங்களை இழுத்தால், அவர் பின்னால் போங்கள். அந்தக் காலத்தில் இதற்குக் கேசட் அட்டையின் உட்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டியிருந்தது. இப்போது தொகுப்பின் பெயரோடு ‘வாசித்தவர்கள்’ என்று சேர்த்துத் தேடினாலே கிடைத்துவிடுகிறது.

நான் போன வழியையே காட்டுகிறேன். இளையராஜா 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அது எந்தப் படத்துக்காகவும் செய்யப்பட்டதல்ல. அதில் குழல் வாசித்தவர் ஹரிபிரசாத் சௌராசியா. அவர் பெயரைத் தொடர்ந்தால் 1967ஆம் ஆண்டின் ‘கால் ஆஃப் த வேலி’ கிடைக்கும். காஷ்மீரத்து மேய்ப்பன் ஒருவனின் ஒரு நாளை ராகங்களாலேயே சொல்லும் தொகுப்பு அது. விடியலுக்கு ஆஹிர் பைரவ் ராகம். நம் சக்கரவாக ராகத்தில் ஊறிய காதுக்கு அது அந்நியமாகவே படாது. குழலோடு, குச்சியால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியமான சந்தூரில் சிவகுமார் சர்மாவும் கிட்டாரில் பிரிஜ் பூஷண் காப்ராவும் சேர்ந்துகொள்கிறார்கள். காப்ரா கிட்டாரைக் கிடத்தி, தந்தியை விரலால் அழுத்தாமல், உலோகத் துண்டை அதன்மேல் இழுத்து வாசித்தவர். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே படி இல்லை, சரிவுதான். கோட்டு வாத்தியம் கேட்டவர்கள் இந்த இழைவை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இங்கே நான் குழலை விட்டுவிட்டுக் கிட்டாரைப் பிடித்துக்கொண்டேன். அதே வழியில் வாசிப்பவர் விஸ்வமோகன் பட். கிட்டாரில் கூடுதல் தந்திகளைப் பூட்டி, அதற்கு மோகன வீணை என்று பெயர் வைத்தவர். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரோடு அவர் வாசித்த ‘எ மீட்டிங் பை த ரிவர்’ 1993இல் வெளியாகி, அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. நான்கே உருப்படிகள். அதற்கு முன் இருவரும் சேர்ந்து வாசித்ததே இல்லை. பட் ஒரு சங்கதியை இழுத்து ஓரிடத்தில் நிறுத்துகிறார். அந்த ஒலி அடங்குவதற்குள் கூடர் அதைத் தொட்டு வேறு பக்கம் கொண்டுபோகிறார். அவசரமே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, இப்போது வாசிப்பது யார் என்று கண்டுபிடிக்க முயலுங்கள். ஒருவரின் கமகமும் மற்றவரின் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) இழுப்பும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கினால், ப்ளூஸுக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

ரை கூடரின் பெயரைத் தொடர்ந்தால் வழி மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் திரும்புகிறது. மாலி நாட்டு அலி ஃபர்கா தூரேயோடு அவர் சேர்ந்து செய்த ‘டாக்கிங் டிம்பக்டு’ 1994இல் வந்தது. சொல்லப்படும் மொழி ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஆனால் பல இடங்களில் சுத்த தன்யாசி ராகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. தூரே 2006இல் காலமானார். அவருடைய மகன் வியூ ஃபர்கா தூரே, ஹூஸ்டன் நகரத்து மூவர் குழுவான க்ருவாங்பினோடு சேர்ந்து, தந்தையின் பாடல்களை 2022இல் ‘அலி’ என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார். க்ருவாங்பின்னைப் பற்றிப் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளிடம் பேசினேன். “அப்பா, இவர்களை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். அவள் வயதுப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் குழு அது. ‘புதுசு எதுவும் பிடிப்பதில்லை’ என்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: இன்றைய இசைக்கு இன்றைய தரவரிசைப் பட்டியல் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. உங்கள் பழைய பாட்டிலிருந்தே அங்கே போக வழி இருக்கிறது.

இந்த வழியில் ஒரு கிளையும் உண்டு. 1996இல் மாலி, கியூபா நாடுகளின் கலைஞர்களை ஹவானாவில் ஒன்றுசேர்த்துப் பதிவு செய்யக் கூடர் போனார். மாலிக் கலைஞர்களால் வர முடியவில்லை. அங்கிருந்த மூத்த கியூபக் கலைஞர்களைக் கொண்டே ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’ உருவானது. அப்போது பாடகர் கொம்பாய் செகுண்டோவுக்கு 88 வயது, பியானோ வாசித்த ரூபன் கொன்சாலெஸுக்கு 76. முதிர்ந்த குரல்களின் நிதானம் உங்களுக்குப் பிடிக்குமென்றால் இதிலிருந்தே தொடங்கலாம்.

இனி, கேட்கும் முறை. புதுத் தொகுப்பு ஒன்றை ஒரே தடவை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பழைய பாட்டுகளை வானொலியில் எத்தனை முறை கேட்டபின் அவை நமக்குச் சொந்தமாயின! ஒரு தொகுப்பை எடுத்தால் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் அதையே போடுங்கள். எனக்கு அதிகாலைக் காபி நேரம் ஒத்துவருகிறது. செல்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். வாரக் கடைசியிலும் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடலாம், அதில் தவறே இல்லை.

காதின் வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வயதாகும்போது முதலில் குறைவது உச்ச அதிர்வெண்களைக் கேட்கும் திறன். பல வாத்தியங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட இன்றைய பாட்டு ‘ஒரே இரைச்சல்’ என்று தோன்றுவதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. சத்தத்தைக் கூட்டினால் காதுக்குத்தான் கேடு. குறைந்த வாத்தியங்கள் உள்ள பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள்; காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனில் மிதமான ஒலியில் கேளுங்கள். பேச்சிலும் சொற்கள் தெளியவில்லையென்றால் காது மருத்துவரைப் பாருங்கள்.

செயலிகளின் பரிந்துரையை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதை வைத்துத்தான் அவை அடுத்ததைக் கொடுக்கின்றன. பேரக்குழந்தைக்காகப் போட்ட பாட்டும் உங்கள் கணக்கில்தான் ஏறும். யூடியூபில் பார்வை வரலாற்றை நிறுத்திவைக்கலாம். ஸ்பாட்டிஃபையில் அதுபோலப் ‘பிரைவேட் செஷன்’ என்ற வசதி உண்டு. வீட்டாருக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிடுவது இன்னும் நல்லது.

பிள்ளைகளிடம் ‘நல்ல பாட்டுச் சொல்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பெரிய பட்டியலை அனுப்பிவிடுவார்கள். ‘உனக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்டைப் போடு, அதில் உனக்குப் பிடித்த இடம் வந்ததும் சொல்’ என்று கேளுங்கள். அந்த இடத்தில் அவர்கள் முகம் மாறும். அதைப் பார்த்தபடி கேட்கும்போது, நமக்கும் அந்த இடம் பிடிபடுகிறது.

நேரில் கேட்பதற்கு ஈடு கிடையாது. மார்கழியில் சென்னைக்குப் போகிறவர்கள் பெரிய பெயர்களின் மாலைக் கச்சேரி டிக்கெட்டுக்காக மட்டும் அலைய வேண்டாம். பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் இல்லை. பாடுகிறவர்கள் இளைஞர்கள், கூட்டமும் குறைவு. முன்வரிசையில் உட்கார்ந்தால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலி தரை வழியாகவே காலில் ஏறும். பாடுகிறவர் பெயரோடு பக்கவாத்தியக்காரர்களின் பெயரையும் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் அவர்கள் எந்தச் சபாவில் வாசிக்கிறார்கள் என்று நாளிதழின் நிகழ்ச்சிப் பட்டியலில் பாருங்கள்.