‘எனக்கு இருக்கிறது’ தெரிந்தால் ‘ஹேவ்’ தெரியும்

அகராதியில் ‘ஹேவ்’ (have) என்ற ஆங்கில வினைக்குக் ‘கொண்டிரு, வைத்திரு, உடைத்தாயிரு’ என்று பொருள் போட்டிருக்கும். ‘நான் இரண்டு தங்கைகளைக் கொண்டிருக்கிறேன்’ என்று தமிழில் யாராவது பேசுவார்களா? அகராதியை மூடி வையுங்கள். நாள் முழுவதும் நம் வாயில் புழங்கும் ‘எனக்கு இருக்கிறது’ என்ற வாக்கியத்திலிருந்து தொடங்கினால் இந்த வினை சீக்கிரம் வசப்படும்.

படி 1: ‘எனக்கு’ என்பதை ‘நான்’ ஆக்குங்கள்

‘எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்.’ இதில் எழுவாய் தங்கைகள்தான்; அதனால்தான் வினை ‘இருக்கிறார்கள்’ என்று முடிகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தை ‘நான்’ பிடித்துக்கொள்ளும்: ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்.’

உறவுக்கு ‘எனக்கு’, கையிலுள்ள பொருளுக்கு ‘என்னிடம்’, வீட்டிலுள்ள அறைக்கு ‘வீட்டில்’ என்று நாம் உருபை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஆங்கிலத்துக்கு அந்தக் கவலையே இல்லை. ‘ஐ ஹேவ் எ பென்’, ‘த ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே வினை. ஹி, ஷி, இட் வந்தால் ‘ஹேஸ்’. இறந்த காலத்தில் எல்லோருக்கும் ‘ஹேட்’.

உச்சரிப்பில் ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் ‘ஹே’ என்று எழுதினாலும், வாயை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து ‘ஏ’வுக்கும் ‘ஆ’வுக்கும் நடுவில் ஒலிக்க வேண்டும்.

படி 2: இல்லை என்று சொல்லுங்கள்

‘என்னிடம் பணம் இல்லை’ என்பது ‘ஐ டோன்ட் ஹேவ் மனி.’ ‘அவனிடம் இல்லை’ என்றால் ‘ஹி டஸ்ன்ட் ஹேவ்.’ பலர் இங்கே ‘டஸ்ன்ட் ஹேஸ்’ என்கிறார்கள். ‘டூ’ ஏற்கெனவே ‘டஸ்’ ஆகிவிட்டதால் ‘ஹேவ்’ மாறத் தேவையில்லை. கேள்வியும் அப்படியே: ‘டஸ் ஷி ஹேவ் எ பென்?’ பிரிட்டனில் ‘ஹேவ் யூ காட் எ பென்?’ என்றும் கேட்பார்கள். காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள். பேசுவதற்கு முதல் முறையே போதும்.

படி 3: ‘ஹேவிங்’ எப்போது?

‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்ற வாக்கியத்தை வேலைக்கான நேர்காணல்களில் தாராளமாகக் கேட்கலாம். அதைத் தமிழில் திருப்பிப் பாருங்கள்: ‘எனக்கு இரண்டு தங்கைகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்.’ சிரிப்பு வருகிறதல்லவா? தங்கை, கார், வீடு, யோசனை ஆகியவற்றுக்கு வெறும் ‘ஹேவ்’தான்.

சாப்பாட்டுக்கு வந்தால் கதை வேறு. ‘ஹேவ் லஞ்ச்’, ‘ஹேவ் காபி’ என்பவை செயல்கள். சாப்பிடும் நேரத்தில் யாராவது போன் செய்தால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

படி 4: எல்லா ‘எனக்கு’ம் ‘ஹேவ்’ ஆகாது

‘எனக்குக் காய்ச்சல்’, ‘எனக்குத் தலைவலி’ என்பவற்றுக்கு ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, ‘ஐ ஹேவ் எ ஹெட்டேக்’ சரி. ஆனால் ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்கு இருபது வயது’ மூன்றும் ‘ஐ ஆம்’ பக்கம் போய்விடும்: ‘ஐ ஆம் ஹங்க்ரி’, ‘ஐ ஆம் கோல்ட்’, ‘ஐ ஆம் ட்வென்டி.’

படி 5: ‘வேண்டியிருக்கிறது’

‘எனக்கு ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.’ பாருங்கள், இங்கேயும் ‘எனக்கு’, இங்கேயும் ‘இரு’. ஆங்கிலத்திலும் அதே வினைதான்: ‘ஐ ஹேவ் டு கோ டு மை வில்லேஜ்.’ பேச்சில் இது ‘ஹேஃப் டு’ என்று ஒலிக்கும்.

எதிர்மறையில் எச்சரிக்கை தேவை. தமிழில் ‘நாளை வர வேண்டாம்’ என்றால் வருவதற்கு அவசியம் இல்லை என்றும் கொள்ளலாம், வராதே என்றும் கொள்ளலாம். ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்பதில் முதல் பொருள் மட்டுமே உண்டு, விருப்பமிருந்தால் வரலாம். வரவே கூடாது என்பதற்கு ‘யூ மஸ்ட் நாட் கம்.’

படி 6: ‘பார்த்திருக்கிறேன்’

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ‘தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன்’ என்று நாம் ‘பார்த்து’ என்பதோடு ‘இரு’வை ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் சீன் த தாஜ்மகால்’ என்று ‘ஹேவ்’ முன்னால் வந்து நிற்கிறது. ‘இருக்கிறது’, ‘வேண்டியிருக்கிறது’, ‘பார்த்திருக்கிறேன்’ மூன்றிலும் நமக்கு ‘இரு’ செய்யும் வேலையை அவர்களுக்கு ‘ஹேவ்’ செய்கிறது. ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அது ‘ஐ ஆம் வாட்சிங்.’

ஒட்டி வரும் இரண்டு மொழிகளும் ‘நேற்று’ வந்ததும் பிரிந்துவிடுகின்றன. ‘மாமா நேற்று வந்திருக்கிறார்’ என்று தமிழில் இயல்பாகச் சொல்வோம். ‘ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்பது பிழை. நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேஸ்’ விலகிவிடும்: ‘ஹி கேம் யெஸ்டர்டே.’

படி 7: பிறரைக் கொண்டு செய்வித்தல்

சலூனுக்குப் போய்வந்து ‘முடி வெட்டினேன்’ என்கிறோம். வெட்டியவர் வேறொருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘ஐ கட் மை ஹேர்’ என்றாலோ, நீங்களே கத்தரியும் கையுமாகக் கண்ணாடி முன் நின்றதாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்பதே சரி. வரிசையைக் கவனியுங்கள்: ஹேட், பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். வீட்டுக்கு ஆள் வைத்து வண்ணம் பூசினால் ‘வி ஹேட் த ஹவுஸ் பெயின்ட்டட்.’ ‘பெயின்ட்டட்’ இடம் மாறி ‘வி ஹேட் பெயின்ட்டட் த ஹவுஸ்’ என்றானால், தூரிகை பிடித்தது நீங்களே என்று பொருள்படும்.

பயிற்சிக்கு நான்கு வாக்கியங்கள்: ‘அவளுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்’, ‘எனக்குத் தாகமாக இருக்கிறது’, ‘அவர் நாளை வர வேண்டியதில்லை’, ‘போன வாரம் சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கினேன்.’

விடைகள்: ‘ஷி ஹேஸ் எ பிரதர்’, ‘ஐ ஆம் தர்ஸ்டி’, ‘ஹி டஸ்ன்ட் ஹேவ் டு கம் டுமாரோ’, ‘ஐ ஹேட் மை சைக்கிள் ரிப்பேர்ட் லாஸ்ட் வீக்.’