சிக்கிள் செல் உள்ளவருக்கு முதுகு வலித்தால் உழிச்சல் வேண்டாம்

குமரி மாவட்டத்தில் முதுகு பிடித்துக்கொண்டால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வர்ம ஆசான்தான். தைலம் தேய்த்து, நன்றாக உழிந்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். வர்ம வைத்தியத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஆனால் சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ளவர் என்றால், எக்ஸ்ரே எடுத்து மருத்துவர் பார்க்கும்வரை அந்த முதுகில் யாரும் கைவைத்து அழுத்தக் கூடாது.

சாதாரண சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். இந்த நோயில் அது 10 முதல் 20 நாளிலேயே அழிந்துவிடும். அதை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஓயாமல் உழைத்து விரிகிறது, சுற்றியுள்ள எலும்பு மெலிந்துபோகிறது. போதாததற்கு, வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்து முதுகெலும்புக் கணுக்களின் நடுப்பகுதிக்கு ரத்தம் போகாமல் செய்கின்றன. அந்த இடம் உள்வாங்கிவிடும். மீன் வெட்டியவர்களுக்குத் தெரியும், நடுமுள்ளின் ஒவ்வொரு கணுவும் இருபக்கமும் குழிந்திருக்கும். எக்ஸ்ரேயில் இவர்களின் முதுகெலும்பும் அப்படித்தான் தெரியும். மிகவும் மெலிந்துவிட்டால், ரப்பர் பால் வாளியைக் குனிந்து தூக்கும்போதுகூட அது நசுங்கலாம்.

“எப்பவும் வர்ற வலிதானே” என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. ஒரே இடத்தில் தொட்டாலே சுள்ளென்று வலிப்பது, கூன் விழுவது, உயரம் குறைவது எல்லாம் எலும்பு நசுங்கியதன் அடையாளமாக இருக்கலாம். கூடவே காய்ச்சல் இருந்தால் எலும்பில் கிருமித்தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சால்மோனெல்லா கிருமி இவர்களின் எலும்பைத் தாக்குவது உண்டு. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் டிக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். இந்த நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் மோசம், எலும்பை அரிப்பதோடு வலியையும் கிளப்பிவிடும். ரத்தம் குறைவு என்று தாமாகவே இரும்பு மாத்திரை சாப்பிடுவதும் வேண்டாம். வலி இல்லையென்று, இந்த நோய்க்காக மருத்துவர் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை நிறுத்துவது இன்னொரு தவறு.

வைட்டமின் டி குறைவு இவர்களிடம் மிக அதிகம். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுக்க வேண்டும். சாளையும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் நல்லவைதான், ஆனால் குறைவு அதிகமாக இருந்தால் அவை மட்டும் போதாது.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் நிம்மதியடைந்துவிட வேண்டாம். ரத்தமின்றிச் செத்து இறுகிய பகுதிகள் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். முதுகெலும்பு எக்ஸ்ரேயையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.