எம்ஜிபி-யில் பிரேக் ஏர் எடுக்கும்போது செய்யக்கூடாதவை

ஏர் எடுப்பது என்றால் பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. ஆயில் டப்பாவைக் காலியாக விடாதே, பெடலை விடுவதற்கு முன் நிப்பிளை (காற்று வெளியேறும் சின்னத் திருகுமுனை) மூடு என்பதெல்லாம் இங்கே கிடையாது. ஒருமுறை நாலு சக்கரத்தையும் முதலிலிருந்து செய்ய நேர்ந்தால் அது தானாகவே மண்டையில் ஏறிவிடும். எம்ஜிபி 1962-லிருந்து 1980 வரை தயாரான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதை ஆசையாக வாங்கிய புதியவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழியில் வரிசையாக விழுகிறார்கள்.

பெடலைத் தரைவரை மிதிப்பது

காசைத் தின்பது இதுதான், இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. சாதாரணமாக ஓட்டும்போது பெடலோடு சேர்ந்து ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் கொஞ்ச தூரம்தான் போய்வரும். அதற்கு அப்பால் உள்ள பகுதியை, ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப் தொடுவதே இல்லை. ஆயில் இழுத்துவைத்த ஈரத்தில் அங்கே துருவும் கசடும் வருஷக்கணக்கில் படிந்திருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலை அடிவரை அழுத்தினால், கப்பின் மெல்லிய விளிம்பு அந்தத் துருவின் மேல் உரசிக் கிழிகிறது.

பழக்கமான தம்பி ஒருவர், 1969 வண்டி, குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நின்றது. மனைவியை உள்ளே உட்காரவைத்து "நல்லா கடைசிவரை மிதி" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பெடல் கல் மாதிரி நின்றது. சில நாள் கழித்து, "அண்ணா, இன்னும் எங்கேயோ ஏர் இருக்கு." மறுபடி ஏர் எடுத்தார், மறுபடி அடிவரை மிதித்து. ஏர் இருந்தால் பெடல் மெத்தென்று இருக்கும், நாலு தடவை மிதித்தால் மேலே ஏறும். காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே எங்கும் ஒழுகவும் இல்லையென்றால், கப் போய்விட்டது என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. கடைசியில் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்சுவரில் குழி குழியாக இருந்தது. அதில் புது கப் போட்டும் பிரயோஜனமில்லை, முழு சிலிண்டரையே வாங்க வேண்டியதாயிற்று. ஆரம்பகால எம்ஜிபி-களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சர்க்யூட்தான், கப் கைவிட்டால் மிச்சம் ஹேண்ட்பிரேக் மட்டும்.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், அவ்வளவுதான் வேலை. இல்லையா, காற்றழுத்தத்தில் ஆயிலைத் தள்ளும் கருவியை வாங்குங்கள், பெடலைத் தொடவே வேண்டாம்; ஆனால் அழுத்தம் 20 பிஎஸ்ஐ-க்குக் கீழேயே இருக்கட்டும், பழைய மூடி தாங்காமல் ஆயில் பீய்ச்சினால் பெயின்ட் உரிந்துவிடும்.

பின் டிரம்மை அட்ஜஸ்ட் செய்யாமல் ஆரம்பிப்பது

பிரேக் ஷூ டிரம்மிலிருந்து தள்ளி நின்றால் பெடல் ஆழமாகத்தான் போகும், அதை ஏர் என்று நினைத்து லிட்டர் லிட்டராக ஆயிலைக் கொட்டுவார்கள். முதலில் சக்கரம் பிடிக்கும்வரை அட்ஜஸ்டரைத் திருகி, சுற்றுகிற அளவுக்குத் தளர்த்துங்கள், அப்புறம் நிப்பிள் பக்கம் போகலாம்.

காலிபர் நிப்பிள் கீழே இருப்பது

காற்று மேலேதான் நிற்கும், நிப்பிளும் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிபர் இடது வலது மாறிவிட்டது. கழற்றி மாற்றுங்கள்.

டாட் 5

டாட் என்பது பிரேக் ஆயிலின் தரப் பெயர். டாட் 5 சிலிகான், டாட் 4-உடன் கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-இன் வகைதான். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அதே விதி 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. போன வருஷம் திறந்துவைத்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள்.